வீட்டு விசேஷமும் ஒரு அட்டை மாத்திரையும்

டாக்டரிடம் நான் சண்டைக்கே போய்விட்டேன். 2008 தை மாதம், வேலூரில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு வாசல். உள்ளே என் தங்கை. வயது 39. "மூளையில ரத்தம் உறைஞ்சு அடைச்சிருக்கு" என்றார் அந்த இளம் டாக்டர்.

"அது எப்படி சார்? ரெண்டு வருஷமா அவளுக்கு மாசாமாசம் ரத்தம் கொட்டிக்கிட்டே இருக்கு. உடம்பில ரத்தமே இல்லன்னு நீங்கதான் சொல்றீங்க. இல்லாத ரத்தம் எப்படி உறையும்?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இது நிறைய பேர் கேக்கற கேள்விதான் ஐயா. கடைசியா என்னென்ன மாத்திரை சாப்பிட்டாங்கன்னு மட்டும் சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். சொல்லும்போதே தொண்டை அடைத்தது. அந்த மாத்திரையை வாங்கிக் கொடுத்தவனே நான்தான்.

இதுவரை இதை நான் எங்கேயும் எழுதியதில்லை. பெண்கள் சமாச்சாரம், நமக்கெதற்கு என்று இருந்துவிட்டேன். இப்போது தங்கையே "எழுதுண்ணா, நாலு பேருக்குத் தெரியட்டும்" என்று சொல்லிவிட்டதால் எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். ஆம்பூரில் நான் சொந்தமாக ஒரு சிறு வீடு கட்டி முடித்திருந்தேன். தையில் கிரகப்பிரவேசம். ஒரே தங்கை, நாத்தனார் முறை சீர் எல்லாம் அவள்தான் செய்யவேண்டும். அவளுக்கோ அந்தத் தேதியில் வீட்டுக்கு விலக்காகிவிடும் என்ற பயம். கர்ப்பப்பையில் கட்டி இருப்பதாக முன்பே ஸ்கேனில் தெரிந்திருந்தது. தேதி வந்தால் பத்து நாள் நிற்காது. என் மனைவி என்னிடம் விஷயத்தைச் சொன்னாள். "தள்ளிப்போட மாத்திரை இருக்குதாமே" என்றாள். நான் மருந்துக்கடையில் போய்க் கேட்டேன். சீட்டு ஏதும் கேட்காமல் ஒரு அட்டையைக் கொடுத்தார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை. விசேஷம் முடிந்ததும் நிறுத்தியிருக்கலாம். மாத்திரை சாப்பிடும்போது ரத்தப்போக்கு இல்லாமல் இருந்தது அவளுக்கே நிம்மதியாகப் போய்விட்டது. தானாகவே இன்னொரு அட்டை வாங்கிக்கொண்டாள்.

விசேஷம் முடிந்த ஒரு வாரத்தில் தலைவலி. அலைச்சல், தலையில் நீர் கோத்துக்கொண்டது என்று தைலம் தடவினோம், ஆவி பிடிக்கவைத்தோம். நாளுக்கு நாள் வலி ஏறியது. வாந்தி வந்தது, பித்தம் என்றோம். நான்காம் நாள் விடியற்காலை வலிப்பு வந்தது, வலது கை விழுந்துவிட்டது. அப்போது 108 வண்டி வந்திராத காலம். பக்கத்து வீட்டுக்காரர் காரில் வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

பிழைத்துக்கொண்டாள். நடக்கிறாள், பேசுகிறாள், பேரப்பிள்ளைகளை அதட்டுகிறாள். ஆனால் வலது கையில் பிடி சரியாக வரவில்லை. ஷூவின் மேல்பாகத்தைக் கையாலேயே தைப்பதில் எங்கள் தெருவில் அவளுக்கு இணை யாரும் இல்லை. அந்த ஊசியை அதற்குப் பிறகு அவள் தொடவே இல்லை.

அந்த டாக்டர் எனக்கு விளங்கவைத்ததையும், அதன் பிறகு நானாகத் தேடிப் படித்ததையும் என் மொழியில் சொல்கிறேன். ரத்தம் ஏன் குழாய்க்குள்ளேயே உறைகிறது என்பதற்கு மூன்று காரணங்களை ஜெர்மனியைச் சேர்ந்த ருடால்ஃப் விர்கோ என்ற மருத்துவர் பெயரால் இன்றும் மருத்துவக் கல்லூரிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். அவர் இதை எழுதியது 1856-ல். நம் ஊர் ஏரி வாய்க்காலை நினைத்துக்கொண்டால் எளிதாகப் புரியும். ஓட்டம் குறைந்தால் வாய்க்கால் தூர்ந்துபோகும். கரை உடைந்தாலும் அடைக்கும். வருகிற தண்ணீரே சேறாக இருந்தாலும் அடைக்கும். ரத்தக் குழாயிலும் இதே கதைதான்: ஓட்டம் மந்தமாவது, குழாயின் உள்சுவர் கெடுவது, ரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது.

கர்ப்பப்பையில் நார்க்கட்டி இருக்கிற பெண்ணிடம் இவற்றில் இரண்டு வந்து சேரலாம். கட்டி பெரிதானால், நான்கைந்து மாதக் கர்ப்பம் போல வயிற்றை அடைத்துக்கொண்டு, கால்களிலிருந்து மேலே ஏறும் ரத்தக் குழாயை அழுத்தும். காலில் ரத்தம் தேங்கும். தேங்கிய இடத்தில் உறையலாம். உறைந்த துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போனால் உயிருக்கே ஆபத்து. இது ஒரு வழி.

இன்னொரு வழிதான் நான் டாக்டரிடம் வாதம் செய்த விஷயம். மாதாமாதம் ரத்தம் போகப்போக உடம்பில் இரும்புச்சத்து தீர்ந்துபோகிறது. இரும்பு குறைந்தால் சிவப்பணு குறைகிறது, சோகை வருகிறது. இதுவரை நமக்குத் தெரியும். தெரியாதது இது: ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் அதே இரும்புக் குறைவால் பல பேருக்கு எண்ணிக்கையில் கூடிவிடுகின்றன. வெளுத்துப்போன பெண்ணின் ரத்தம் உறையாது என்று நான் நினைத்தது முழுத் தவறு. மூளையிலிருந்து ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் குழாய்கள் அடைத்துக்கொள்கிற நோய்க்குச் சோகையும் ஒரு காரணம் என்று மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். என் தங்கைக்கு வந்ததும் அந்த வகைதான். அன்று அவளுக்கு ஹீமோகுளோபின் ஏழுக்கும் கீழே.

மூன்றாவதாக, நான் வாங்கிக் கொடுத்த மாத்திரை. அதன் பெயர் நோரெதிஸ்டிரோன். மோசமான மருந்து என்று நான் சொல்லமாட்டேன். எத்தனையோ பெண்களின் பெரும்பாட்டை நிறுத்தி வைக்கிற மருந்து அது. ஆனால் நாளைக்கு மூன்று வேளை என்ற அளவில் சாப்பிடும்போது, அதில் ஒரு சிறு பங்கு உடம்புக்குள் போய் ஈஸ்ட்ரோஜென் வகை ஹார்மோனாக மாறுகிறது. கருத்தடை மாத்திரையில் இருக்கிற அதே சரக்கு. அது ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டும். அதனால்தான் இது மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத மருந்து. முன்பு காலில் ரத்தம் உறைந்ததா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி வந்ததா, கடுமையான ஒற்றைத் தலைவலி உண்டா, உடம்பு எடை என்ன, சமீபத்தில் பிரசவமா, ஆபரேஷனா என்று கேட்டுத்தான் கொடுக்கவேண்டும். என்னிடம் கடையில் கேட்ட ஒரே கேள்வி, "ஒரு அட்டையா, ரெண்டா?"

அளவோடு பயப்படவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் கணக்குப்படி, ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை எதுவும் சாப்பிடாத 10,000 இளம் பெண்களில் வருஷத்துக்கு 2 பேருக்கு ரத்தக்கட்டு வருகிறது. சாப்பிடுகிறவர்களில் 5 முதல் 12 பேருக்கு. பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. எண்டோமெட்ரியோசிஸ் என்று ஒரு வலி நோய் உண்டு. கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு வெளியே போய் வளர்வது. அமெரிக்காவில் சுமார் 1,12,000 செவிலியர்களை 1989 முதல் 2017 வரை கவனித்து வந்த ஆய்வு 2022-ல் வெளியானது. அந்த நோய் இருந்தவர்களுக்குப் பக்கவாத வாய்ப்பு 34 சதவீதம் அதிகம் என்றார்கள். அதில் ஒரு பெரிய பங்கு, கர்ப்பப்பையையோ சினைப்பையையோ எடுத்துவிட்டதோடு தொடர்புடையது என்பதும் அதே ஆய்வில் இருக்கிறது. 34 சதவீதம் என்றதும் அலறவேண்டாம். அத்தனை வருஷத்தில் அத்தனை பேரில் பக்கவாதம் வந்தவர்கள் மொத்தம் 893 பேர், நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு.

அப்படியானால் ஏன் இவ்வளவு எழுதுகிறேன்? ஒவ்வொன்றும் தனித்தனியே சின்ன ஆபத்துதான். நம் வீடுகளில் அவை தனித்தனியே வருவதில்லை என்பதுதான் என் கவலை. சோகை, கட்டி, சீட்டில்லா மாத்திரை, தண்ணீர் குடிக்காதது, மணிக்கணக்கில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பது, இந்த ஐந்தும் ஒரே பெண்ணிடம் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. என் தங்கைக்கு எது எவ்வளவு காரணம் என்று டாக்டரும் பிரித்துச் சொல்லவில்லை. "எல்லாம் சேர்ந்துதான் ஐயா" என்றார்.

இதில் இரண்டு விஷயங்களை எங்கள் தோல் தொழிலோடு சேர்த்தே பார்க்கிறேன். நான் ஒரு ஷூ கம்பெனியில் டைம் ஆபீசில் இருந்தவன். காலை ஆறரைக்கே கிராமங்களிலிருந்து வேன் வேனாகப் பெண்கள் வந்து இறங்குவார்கள். தையல் லைனில் ஒரு மர வில்லை இருக்கும். கழிப்பறைக்குப் போகிறவர் அதை எடுத்துக்கொண்டு போகவேண்டும், திரும்பி வந்து மாட்டவேண்டும். ஒரு லைனுக்கு ஒன்றுதான். வரிசை சேராமல் இருக்க யாரோ கண்டுபிடித்த ஏற்பாடு. அதனால் பெண்கள் என்ன செய்தார்கள்? தண்ணீர் குடிப்பதையே நிறுத்திக்கொண்டார்கள். கொண்டுவந்த பாட்டில் சாயங்காலம் நிறையவே திரும்பிப் போகும். நான் அதைப் பார்த்திருக்கிறேன். பார்த்தும் ஒன்றும் தோன்றவில்லை.

மாதத்தில் இரண்டு மூன்று முறை அவுட் பாஸ் கேட்டு வரும் பெண்கள் உண்டு. "என்னம்மா மறுபடியும்?" என்று கேட்பேன். அவர்கள் "வயித்து வலி சார்" என்று தரையைப் பார்ப்பார்கள். நான் கையெழுத்துப் போடுவேன், முகத்தைச் சுளித்துக்கொண்டேதான் போடுவேன். அப்போது நடப்பில் இருந்த 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டம் குடிதண்ணீர் பற்றியும் கழிப்பறை பற்றியும் தனித்தனிப் பிரிவே வைத்திருந்தது. தண்ணீர்த் தொட்டி இருந்ததா என்று பார்க்க இன்ஸ்பெக்டர் வந்தார். அந்தத் தண்ணீரை யாராவது குடித்தார்களா என்று பார்ப்பது யார் வேலை? என் வேலையாக இருந்திருக்கவேண்டும்.

கம்பெனிக்குப் போகாதவர்களும் தப்பவில்லை. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஜோடிக் கணக்கில் மேல்பாகம் தைக்கிற பெண்கள் ஆம்பூர்ச் சுற்றுக் கிராமங்களில் நிறைய. காலை மடக்கி உட்கார்ந்தால் மதியச் சோறு வரை எழுந்திருக்கமாட்டார்கள். சோகையோ நம் மாநிலத்தில் சர்வசாதாரணம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்குச் சோகை. இரண்டு பெண்கள் எதிரே வந்தால் ஒருவருக்கு உண்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

என் தங்கையின் சிகிச்சையில் ஒரு சங்கடம் வந்தது. மூளையில் அடைப்பு என்பதால் ரத்தம் உறையாமல் இருக்க ஊசியும் மாத்திரையும் கொடுத்தாகவேண்டும். கொடுத்தால் கர்ப்பப்பை வழியாக ரத்தம் இன்னும் கொட்டும். ரத்தம் போவதை நிறுத்தும் மருந்து கொடுக்கலாமென்றால் அது அடைப்புக்கு ஆகாது. டிரானெக்சாமிக் அமிலம் என்ற அந்த மருந்தை 1962-ல் உலகுக்குச் சொன்னவர் உடாகோ ஒகமோடோ என்ற ஜப்பானியப் பெண் மருத்துவர், தன் கணவரோடு சேர்ந்து. பிரசவத்தில் ரத்தம் போய்ச் சாகிற பெண்களைக் காப்பாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. அருமையான மருந்து, ஆனால் உறைந்த ரத்தம் கரைவதை அது தடுக்கும். ஆகவே ஏற்கெனவே ரத்தக்கட்டு வந்தவர்கள் அதைத் தொடக்கூடாது. நரம்பியல் டாக்டரும் பெண்கள் டாக்டரும் ரத்த நோய் டாக்டரும் கூடிப் பேசி, ரத்தம் ஏற்றி, இரும்புச்சத்தை நரம்பு வழியாக ஏற்றி, சில மாதம் தாண்டவைத்து, பிறகுதான் கர்ப்பப்பையை எடுத்தார்கள். சினைப்பைகளை எடுக்காமல் விட்டார்கள். அவற்றைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் பிற்காலத்தில் இருதயத்துக்கும் மூளைக்கும் கெடுதல் என்று விளக்கினார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மேலே நான் எழுதியதைப் படித்துவிட்டு, "கட்டியா? பையை எடுத்துப் போட்டுவிடு" என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது. தேவையில்லாமல் ஏழைப் பெண்களுக்குக் கர்ப்பப்பை எடுக்கிற வழக்கம் பற்றி உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2023-ல் மாநிலங்களுக்கெல்லாம் உத்தரவு வந்திருக்கிறது. பெரும்பாலான கட்டிகள் புற்றுநோய் அல்ல. பலவற்றுக்கு மருந்து போதும். கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் இருக்கிறது. கட்டியை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. மாதவிலக்கு நிற்கும் வயது வந்தால் கட்டியும் சுருங்கிவிடும். எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும். எடுத்தே ஆகவேண்டும் என்றால் இன்னொரு டாக்டரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் வேலூருக்கு மருத்துவம் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கிற மனைவியைப் பார்க்கப் பெண்தான் வரவேண்டும், ஆண் டாக்டர் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். திண்டிவனத்தில் அதைப் பார்த்த ஐடா ஸ்கடர் மருத்துவம் படித்துவந்து, 1900-ல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு தொடங்கினார். இன்று சி.எம்.சி.க்கு வடகிழக்கு மாநிலங்களிலிருந்தெல்லாம் ரயிலேறி வருகிறார்கள். ஆம்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். தூரம் குறைந்துவிட்டது, வெட்கம் குறையவில்லை. என் தங்கை இரண்டு வருஷம் பெரும்பாட்டோடு இருந்ததை, அடுத்த தெருவில் இருந்த எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. விசேஷத்துக்கு இடைஞ்சல் என்றபோதுதான் அது எனக்குத் தெரிந்தது.

பெரியவர்களான நமக்குத்தான் இந்தக் கட்டுரை. நாள் குறிப்பவர்கள் நாம். "சுத்தபத்தமா இருக்கணும்" என்று சொல்பவர்களும் நாம். கோயில் பயணம், கிரகப்பிரவேசம், மகள் கல்யாணம் என்று ஒவ்வொன்றுக்கும் வீட்டுப் பெண்கள் சத்தமில்லாமல் மருந்துக்கடைக்கு ஆள் அனுப்புவது நம் வாய்க்குப் பயந்துதான். "அந்த நாளா இருந்தாலும் பரவாயில்ல, நீ வந்து நில்லும்மா" என்று வீட்டில் மூத்தவர் ஒருவர் சொல்லிவிட்டால் அந்த அட்டை தேவைப்படாது. அப்படிச் சொல்ல மனம் வரவில்லை என்றால், குறைந்தபட்சம் டாக்டரைப் பார்த்துவிட்டு வாங்கு என்றாவது சொல்லலாம். சாமி கோபித்துக்கொள்ளுமா என்று கேட்பவர்களுக்கு என்னிடம் சாஸ்திரப் பதில் இல்லை. தங்கையின் கையைப் பார்த்த பிறகு எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை.

வீட்டில் உள்ள பெண்களைக் கேளுங்கள். ஏழு நாளுக்கு மேல் போகிறதா, மணிக்கொரு துணி மாற்றவேண்டியிருக்கிறதா, கட்டிகட்டியாக விழுகிறதா? மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா? ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை செய்துவிடுங்கள். 12-க்குக் கீழே இருந்தால் சோகைதான். ஒரு கால் மட்டும் வீங்கி, ஆடுசதை வலித்தால் எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள், மருத்துவமனைக்குப் போங்கள். திடீரென்று மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, நாளுக்கு நாள் ஏறுகிற தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு, முகம் கோணல், கை தளர்ச்சி, பேச்சுக் குளறல், இவற்றில் எது வந்தாலும் தைலம் தேடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள். டாக்டரிடம் போனதும் என்ன மாத்திரை சாப்பிட்டார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தேதி தள்ளிப்போகும் மாத்திரையை மருந்து என்றே பல பெண்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

பாலாற்றுக் கழிவு வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு நம் ஊர்க்காரர்களுக்கு நினைவிருக்கும். கேடு வரும் என்று முழுதாக நிரூபணமாகும்வரை காத்திராமல் முன்கூட்டியே தடுக்கவேண்டும் என்ற கொள்கையை நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று ஏற்றது அந்தத் தீர்ப்பு. வேலூர் பெயரில்தான் அந்த வழக்கு இன்றும் சட்டக் கல்லூரிகளில் படிக்கப்படுகிறது. ஆற்றுக்குப் பொருந்துகிற நியாயம் வீட்டுப் பெண்ணின் உடம்புக்கும் பொருந்தும்தானே?

போன ஆவணியில் பேத்திக்குக் காது குத்தினோம். முதல் நாள் இரவு என் மருமகள் கொல்லைப்புறமாகத் தங்கையிடம் ஏதோ கிசுகிசுத்தாள். தங்கை நேராகக் கூடத்துக்கு வந்தாள். எல்லோர் எதிரிலும், "அண்ணா, நாளைக்கு உன் மருமகளுக்கு முடியாத நாள். பிள்ளையை மடியில வச்சிக்கப் போறது அவதான். யாராச்சும் ஏதாச்சும் சொல்லணும்னா இப்பவே என்கிட்ட சொல்லிடுங்க" என்றாள். சொல்லும்போது இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.